அஃப்ராக்கோமா கேட்ட படம்

சனிக்கிழமை வேலைக்கு ஒபிரியின் முழங்கால் வெள்ளிக்கிழமை மாலையே வலிக்கத் தொடங்கிவிடும். கானாவின் குமாசி நகரில் சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டத்துக்குள் புகுந்து, அழுகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் படம் எடுத்து, ஓடிப்போய் பிரிண்டரில் போட்டு, தார்ப்பாயில் பரப்பி, அவர்கள் வண்டி ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே ஓட்டம். செத்தவர்களாவது படுத்திருக்கிறார்களே என்று சில சனிக்கிழமைகளில் அவருக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

கழுத்தில் தொங்கும் கேமராவுக்கு வயது பதினொன்று. பிடி உரிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், படத்தில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போதே மாற்றுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்பதுதான் மூன்று வருஷமாக முடிவாகவில்லை.

அடூம் கடைத்தெருவில் கேமரா விற்கும் பெடியாக்கோ நல்லவன். அதுதான் தொல்லை.

"இப்ப வாங்காதீங்கண்ணே. அடுத்த மாடல் வரப்போகுது. அது வந்தா இதோட வெல தானா எறங்கிடும்."

அடுத்த மாடல் வந்தது. டாலரும் ஏறியது. "கொஞ்சம் பொறுங்கண்ணே, டாலர் எறங்கட்டும்" என்றான். அது இறங்குவதற்குள் இன்னொரு மாடல் வரப்போவதாகப் பேச்சு வந்தது. ஒபிரி பொறுத்தார். அவருக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. இந்த ஊரில் செத்தவர்களே பிணவறையில் இரண்டு மாதம் பொறுத்துத்தான் அடக்கமாகிறார்கள். பந்தல்காரன் கிடைக்க வேண்டும், லண்டனில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

பொறுக்க முடியாதவள் அவருடைய அக்கா அஃப்ராக்கோமா. சந்தையில் நாற்பது வருஷம் பாமாயில் விற்றவள். தம்பிக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அறுபத்தேழு வயது, ரத்தக் கொதிப்பு, வீங்கிய கால். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்.

"டேய், என் சாவு பேனருக்கு ஒரு படம் எடுத்து வை. மீன்காரி செத்தப்ப பாத்தேல்ல? ஓட்டு அட்டையில இருந்த போட்டோவப் பெருசாக்கி முக்குல மாட்டிட்டானுங்க. திருடி கணக்கா முழிச்சுக்கிட்டு நின்னா, பாவம். நான் சிரிச்ச மொகமா இருக்கணும். என் சாவுல திங்க வர்றவன் என்னப் பாத்து சிரிச்சுட்டுப் போகணும்."

"எடுக்கலாம்க்கா. புது கேமரா வரட்டும். பன்னண்டு அடி பேனருக்கு இது தாங்காது."

மனதார அப்படித்தான் நம்பினார். ஊருக்கெல்லாம் பழைய கேமராவில் எடுக்கலாம், அக்காவுக்கு எடுக்கலாமா?

பாலைவனத் தூசி ஊரை மூடியிருந்த ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோவுக்கு வந்து இறங்கினாள். பெட்டியிலிருந்து எடுத்த, விசேஷத்துக்கு மட்டும் உடுத்தும் கென்டே துணி, இரவல் வாங்கிய தங்க வளையல்கள், வெளியே காத்திருக்கும் டாக்ஸி. முக்காலியில் உட்கார்ந்து, முன்பல் இடைவெளி தெரிய நன்றாகச் சிரித்தாள்.

ஒபிரி வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றியெல்லாம் புள்ளி. அங்கேயே அழித்தார்.

"வேணாம்க்கா. புள்ளி விழுது. ஈஸ்டர் வரைக்கும் பொறு. அதுக்குள்ள வந்துரும்னு பெடியாக்கோ சொல்லிட்டான்."

உள்ளதைச் சொன்னால், அன்று அவருக்கு அசதி. முந்தின நாள் இரண்டு சாவு. பரணிலிருந்து பெரிய விளக்கை இறக்கி மாட்டியிருந்தால் புள்ளி விழுந்திருக்காது. முழங்கால் வேண்டாம் என்றது. கேமராவைக் கீழே இறக்கும்போது விரல் பழக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தியது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணு வருஷமா பொறுங்கிறே. நான் என் கால் சொல்றதக் கேக்கவா, பெடியாக்கோ சொல்றதக் கேக்கவா?" என்றாள் அக்கா. பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "சரி விடு. டாக்ஸி நிக்குது."

ஈஸ்டருக்குப் பதினோரு நாள் முன்னால், கடையில் எண்ணெய் டின்களுக்கு நடுவே சரிந்து போய்ச் சேர்ந்தாள்.

தாய்வழிக் குடும்பத்துக்குத் தலைவரான மாமா, கூடியிருந்தவர்கள் முன்னால் கேட்டார். "பேனருக்குப் படம் எங்கடா? தம்பிகாரன் போட்டோ புடிக்கிறவன், நாங்க எங்க போய்த் தேடறது?"

ஒபிரி நான்கு நாள் உட்கார்ந்து பழைய சனிக்கிழமைகளை எல்லாம் திறந்து பார்த்தார். அக்கா எல்லாவற்றிலும் இருந்தாள். ஒன்றில் பாதித் தோள், ஒன்றில் வாய் நிறையச் சோறு, ஒன்றில் முதுகைக் காட்டி ஆட்டம். ஊர் முழுக்க அழுததைப் படம் பிடித்த மனுஷனிடம் சொந்த அக்காவின் முகம் ஒழுங்காக ஒன்று இல்லை. கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையில் விரல் எடுத்த படம் அகப்பட்டது.

புள்ளிகளைப் பற்றி பேனர் அடிக்கும் பெண்ணிடம் வெட்கத்தோடு சொன்னார். அவள் திரையை விட்டுக் கண்ணைத் திருப்பவில்லை.

"எதிர்ச் சாரியில நின்னு பாக்குறதுக்கு இதுவே அதிகம் சார். போன்ல எடுத்ததெல்லாம் அடிக்கிறோம்."

அக்கா பிணவறையில் இருந்த ஐந்தாவது வாரம் பெடியாக்கோ கூப்பிட்டான். "அண்ணே, வந்துருச்சு. உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

"இருக்கட்டும் தம்பி. இனிமே அவசரமில்ல."

அக்காவின் சடங்கு வைத்த சனிக்கிழமை பேனர் முக்கில் ஏறியது. கென்டேயின் ஒவ்வொரு நிறமும் தெரிந்தது. வளையல்கள் மின்னின. எதிர்ச் சாரியிலிருந்து பார்க்க ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் பாதியில் அணைந்திருந்தது. வேண்டாம் என்று தம்பி சொன்னதைக் கேட்ட அந்த நொடியின் முகம் அது, பன்னிரண்டு அடி உயரத்தில்.

"படம் என்னமா வந்திருக்கு. புது கேமராவா?" என்றார் பந்தல்காரர்.

"பழசுதான்."

படமெடுக்க வேறு ஆளை வைத்துக்கொள் என்று மாமா சொல்லியும் ஒபிரி கேட்கவில்லை. வந்தவர்கள் வழக்கம்போல் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் அக்கா நின்று அவரையே பார்த்தாள். எத்தனை தடவை கேமராவை உயர்த்தினாலும் அவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. மேகம் ஒன்று வந்து வெளிச்சத்தை மறைத்தது. அவர் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டும் திருகின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

வரிசையில் முன்னால் நின்ற சந்தைக்காரி வளையலைச் சரிசெய்துகொண்டாள். "சீக்கிரம் எடுய்யா. டாக்ஸி நிக்குது."

ஒபிரி வெளிச்சம் பார்க்காமலே அழுத்தினார்.