வேலியில் ஏழு முடிச்சு

காரமடைக்கு வடக்கே ஒரு கிளுவை வேலியில் ஏறிக் கிடந்தது அந்தக் கொடி. விளக்குக்கூண்டு போலச் சின்னப் பூ. பெயர் வைக்கும் அளவுக்கு ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து அது இருந்த மற்ற இடங்களிலெல்லாம் மனை போட்டுவிட்டார்கள். நான் வேலை செய்யும் விதை வங்கியின் குளிர் அறையில் அதற்கென வைத்த டப்பா காலியாகவே கிடந்தது.

காய் பச்சையாக இருக்கையில் பறித்தால் விதை முளைக்காது. முற்றினாலோ வெடித்துப் பஞ்சோடு பறந்துவிடும். முந்தின வருடம் வேறொரு வேலியில் கிழங்கோடு பெயர்த்துவந்தது தொட்டியில் அழுகிப்போனது. அதனால் கருமத்தம்பட்டித் தறியில் மிஞ்சிய காடாத்துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, கொடியில் இருந்த ஏழு காய்களுக்கும் மாட்டி, வாயை மஞ்சள் நூலால் முடிந்துவிட்டு வந்தேன். கைக்கு அகப்பட்டது அந்த நூல்தான்.

காய் எடுத்துக்கொள்ளச் சம்மதித்த தோட்டக்காரர், வேலியையே எடுக்கப்போவதைச் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, வேலியில என்னத்தைங்க கட்டிவெச்சிருக்கறீங்க? கம்பி வேலி போடலாம்னு ஜேசிபி வரச்சொன்னா, டிரைவரு வண்டிய உட்டு எறங்கி நிக்கறானுங்க. செய்வினைங்கறான்."

பஸ் பிடித்து ஓடினேன். டிரைவர் வேலியிலிருந்து பத்தடி தள்ளி நின்றார். சத்தியமங்கலத்துக்காரர்.

"வெள்ளத்துணி, மஞ்ச நூலு, ஏழு முடிச்சு. எல்லாஞ் சரியா இருக்குதுங்க. எம்பொண்டாட்டி முழுகாம இருக்கறா. நான் தொடமாட்டனுங்க."

"அது விதைக்குக் கட்டுனதுங்க. செய்வினையெல்லாம் இல்லீங்க."

"செஞ்சவங்க ஆருங்க செஞ்சேன்னு சொல்லுவாங்க?"

தோட்டக்காரர் சிரித்தார். "மலையவே பொளந்தவன், துணிப்பையப் பாத்து நடுங்கறான். நீங்களே அவுத்துப்போட்டுருங்க அம்மணி, சோலி முடியட்டும்."

இந்த மாதிரிப் பேச்சை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவள் நான். அன்றைக்கும் உண்மையைத்தான் சொன்னேன். யாரும் நம்பாதது என் குற்றமில்லை. காற்றில் பைகள் ஆடின. உள்ளே காய்கள் இன்னும் பச்சை.

"மாட்டனுங்க," என்றேன். "பத்து நாள் போகட்டும், நானே அவுக்கறேன். அவசரம்னா நீங்க அவுத்துக்கங்க."

தோட்டக்காரர் கை நீண்டது. பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிறகு சட்டைப்பையில் எதையோ தேடப் போய்விட்டது.

"மேக்கால மூலையில இருந்து ஆரம்பிப்பா," என்றார் டிரைவரிடம், என்னைப் பாராமல்.

மேற்கிலிருந்து வேலி சாய்ந்துகொண்டே வந்தது. கொடி இருந்த நாலு முழம் மட்டும் தனியாக நின்றது. பத்து நாள் கழித்து அவிழ்த்தேன். இரண்டு காயைப் புழு தின்றிருந்தது. மற்ற ஐந்து பைகளிலும் பஞ்சு பொங்கியிருந்தது, பறக்கத் துடித்தபடி.

நாலு பை விதை குளிர் அறைக்குப் போனது. ஐந்தாவதை நான் கொண்டுபோகவில்லை. புதிதாக நட்ட கல்தூண்களின் அடியில், தோட்டக்காரர் பார்க்கவே, குனிந்து ஊன்றினேன்.

"கம்பியில ஏறுமுங்களா அது?"

"ஏறுமுங்க. புடுங்கறதுன்னா அப்பறம் புடுங்கிக்கங்க."