பூஜையில் வைத்த பேட்டரி

அந்த நாளில் மயிலாப்பூரில் என்னைவிட எங்கள் எஜமானின் கார் பேட்டரிதான் அதிக மரியாதையோடு ஊர் சுற்றியது. நான் அதற்குத் துணைக்குப் போய்வந்தேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் கப்பலில் வரப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய சமயம். நான் கிளீனராக இருந்த வீட்டு வக்கீலும் குடும்பத்தோடு கும்பகோணத்துக்கு ரயிலேறினார். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அந்தக் கூப்பனை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு தாண்ட முடியாது. அதனால் காரை வீட்டுக் கொட்டகையில் விட்டு, டயர் தரையில் படாதபடி செங்கல் அடுக்கி, அதன் மேல் தூக்கி நிறுத்தினோம். கிளம்பும்போது எஜமான் என்னைக் கூப்பிட்டார்.

"நான் திரும்பி வர அன்னிக்கு இது ஒழுங்கா கிளம்பித்துன்னா, நீதான் டிரைவர். பேட்டரி செத்துப்போச்சுன்னா இந்த யுத்தத்துல வேற கிடைக்காது. அப்புறம் காரையும் வித்துடுவேன், உனக்கும் இங்க வேலை இல்லை."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். துடைத்த காரில் ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்குக் கிடையாது. தலையாட்டிவிட்டேன்.

பேட்டரி சும்மா கிடந்தாலும் அதிலுள்ள சக்தி சும்மா கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். அடியோடு தீர்ந்த பிறகு அப்படியே விட்டால் உள்ளே தகடுகளில் வெள்ளை பூத்துக் கெட்டுப்போகும். அதனால் கம்பியைக் கழற்றி, பேட்டரியை மரப்பலகை மேல் வைத்தேன். முனைகளில் வாசலைன் தடவினேன். தண்ணீர் குறைந்தால் வடித்த தண்ணீர்தான் ஊற்றுவேன். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரின் உப்புக்கு இரும்பே தாங்காது. அவ்வப்போது சைக்கிள் கேரியரில் கட்டி, பாண்டி பஜாரில் சார்ஜ் ஏற்றும் பாயின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவேன்.

வீட்டில் என்னோடு மிஞ்சியவர் எஜமானியின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் மாமா; எனக்கு மட்டும் சாமி. திருட்டுப் பயத்தில் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பேட்டரிக்கு வெளியே வேலை இருந்தால்தான் எனக்குக் கேட் திறக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் நான் உள்ளே.

எனவே அதற்கு அடிக்கடி உடம்புக்கு வரவழைத்தேன்.

"சாமி, பேட்டரி மூஞ்சே சரியில்ல. பாய் கிட்ட காட்டிக்கினு வரேன்."

"முந்தாநாள்தானேடா காட்டினே?"

"அது ஜொரம். இது இருமலு."

முதலில் பயந்து திறந்துவிட்டார். பிறகு புரிந்துகொண்டார். "உன் பேட்டரிக்கு கோயில்ல கூட்டம் கூடற கிருத்திகை, அமாவாசைன்னா மட்டும் உடம்பு படுத்தறதே, எப்படிடா?" என்று கேட்டுவிட்டு, சாவியைத் தொடவே மறுத்தார்.

கேட்டுக்கு வெளியே என் சிநேகிதன் ஒருவன் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தான். விமானம் வந்து குண்டு போடாமலிருக்க, பொழுது சாய்ந்தால் எந்த வீட்டிலும் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு இருந்தது. அதைக் கவனிக்கும் வார்டன் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. தகரத் தொப்பியும் விசிலும் கொடுத்திருந்தார்கள். தினம் சாயங்காலம் கேட்டருகே நின்று ஒரு விசில் அடிப்பான்.

"இன்னா மச்சி, பேட்டரிக்குத் தாலி கட்டிட்டியா? வெளியவே காணோம்."

"உன் தலையில சட்டி கவுத்தாங்களே, அதவிட இது மேலு" என்பேன். அவன் போன பிறகு கேட் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. காருக்கும் பூஜை போட்டே ஆகவேண்டும் என்றார் மாமா. பூஜை முடிந்ததும் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்க வேண்டும். இதுவோ செங்கல் மேல் நிற்கிறது. மாமா யோசித்தார்.

"ஏறி இறங்க வேண்டாம். ஹாரன் அடி, விளக்கைப் போடு. வண்டி முழிச்சிண்டிருக்குன்னு அம்பாளுக்குத் தெரிஞ்சா போறும்."

எனக்கும் ஆசைதான். பேட்டரியை மாட்டி, முன்சீட்டில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி ஹாரன் அடித்தேன். இரண்டு முன்விளக்கும் பளிச்சென்று எரிந்தன. மாமா சந்தனம், குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதே."

"வெளக்க அணைக்கத்தான் சாமி."

"பூஜையில வெச்சதை யாராவது தொடுவாளோ? நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான். எழுந்து வா."

"எரிஞ்சிக்கினே இருந்தா பேட்டரி பூடும் சாமி. நெஜமாவே பூடும்."

"தெரியும். இன்னிக்கு ஜுரமா, இருமலா?"

கொட்டகையின் கம்பிக்கதவைச் சாத்திப் பூட்டினார். அந்தச் சாவியும் இடுப்புக்குப் போயிற்று.

பட்டப்பகலில் இரண்டு விளக்குகள் சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. கம்பி வழியே கையை விட்டுப் பார்த்தேன், தோள்வரைதான் போயிற்று. மதியம் தாண்டியதும் வெள்ளை வெளிச்சம் மஞ்சளாயிற்று. கெஞ்சினேன், சத்தியம் செய்தேன். மாமா ஈஸிசேரில் சாய்ந்தபடி, "அம்பாள் பாத்துப்பா" என்றார்.

பொழுது சாய்ந்தபோது கேட்டருகே நண்பன் தலை தெரிந்தது. அவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

"மச்சி, உள்ளார வெளக்கு எரியுது. சட்டப்படி அணைக்கச் சொல்லு. விசிலு அடி."

"விசிலு பூஜையில கீது மச்சி. தொப்பியும் அங்கதான். நாளைக்கித்தான் எடுக்கணும்."

அப்போதுதான் அவன் வெறுந்தலையோடு நிற்பதைக் கவனித்தேன். இருந்தாலும் மாமாவைக் கூப்பிட்டு, முடிந்தவரை முறைத்தான். மாமா விஷயத்தைச் சொன்னார். கொட்டகைவரை வந்து எட்டிப் பார்த்தவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"பூஜையில வெச்சதா? அத்த எப்டி அணைக்கிறது? பாவமாச்சே. வெளிய தெரியாம இருந்தா போதும் சாமி."

இரண்டு பேரும் சேர்ந்து கம்பிக்கதவின் மேல் கோணிச்சாக்கைக் கட்டி மறைத்தார்கள். சட்டமும் சாத்திரமும் ஒத்துப்போய்விட்டன. நான் சாக்கின் ஓட்டை வழியே பார்த்தேன். உள்ளே விளக்குகள் பீடிக் கங்குபோல் சிவந்திருந்தன.

மறுநாள் புனர்பூஜை முடிந்து கதவு திறந்தபோது கங்கும் இல்லை. ஹாரனை அமுக்கினேன், அது மூச்சுகூட விடவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் கிண்டல் செய்யாததுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். தானே போய்க் கேட்டைத் திறந்தார்.

"நானும் வரேண்டா" என்று சைக்கிளின் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார். தேனாம்பேட்டை வழியாகப் பாண்டி பஜார்வரை கையை எடுக்கவே இல்லை.

பாய், அமிலத்தின் வீரியம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார். உள்ளிருந்த மிதவை எழும்பவே இல்லை.

"இன்னா நைனா இது, உயிரையே உறிஞ்சிட்டீங்களே. அவசரமா ஏத்தினா தகடு வளைஞ்சு பூடும். மெதுவாத்தான் ஏத்தணும். இங்கயே கெடக்கட்டும். பொழைச்சா உன் நசீபு."

பேட்டரி பாய் கடையிலேயே தங்கியது. அது இல்லாத வீட்டில் எனக்கு வெளியே போகக் காரணமும் இல்லை. கழுவிய காரையே கழுவினேன். இந்த வேலை போனால் எங்கே போவது என்று நினைத்துப் பார்ப்பேன்; கேட்டைத் தாண்டி நினைப்பும் போகாது. கடைசியில் பாய் சொல்லியனுப்பினார்: பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரு பக்கம் பலவீனம், அடிக்கடி காட்ட வேண்டும். இந்தத் தடவை பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாமாவே கேட்டைத் திறந்துவைத்தார்.

பயம் தணிந்து எஜமான் திரும்பி வந்தார். செங்கல்லை எடுத்தோம். மாமா ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, உதட்டுக்குள் ஏதோ ஜெபித்தபடி நின்றார். ஸ்டார்ட்டரை இழுத்தேன். கார் முனகியது, நின்றது. மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

பழங்கள் நசுங்கின. எஜமான் பின்சீட்டில், நான் முன்சீட்டில். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தோம். அவர் இறங்கி, பெட்ரோல் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"பேஷ். சொன்ன சொல் சொன்னதுதான், இனிமே நீதான் டிரைவர். இருக்கற பெட்ரோல் ஆபத்துக்கு இருக்கட்டும். யுத்தம் முடியறவரைக்கும் காரை மறுபடி செங்கல் மேல ஏத்திடு."

ஏற்றினேன். கம்பியைக் கழற்றிப் பேட்டரியைப் பலகையில் வைத்தேன். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே விசில் கேட்டது.

"இன்னா டிரைவர் சார், வண்டி எப்போ வெளிய வரும்?"

"வண்டி வராது மச்சி," என்றேன். "பேட்டரி வெள்ளிக்கெழம வரும்."