படைக்காத பொரி

டீச்சர் அன்று எங்களை ஒதுக்கினாரா, மதித்தாரா? இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

திருவிடைமருதூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பிலேயே சரசுவதி படம் வைத்துப் படைப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளை நான், முஸ்லிம் பிள்ளை பாத்திமா. எங்கள் இருவருக்கு மட்டும் படைப்பதற்கு முன்பே பொரிகடலையை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுவார் டீச்சர்.

அந்த வருடம் சத்துணவு ஆயா எல்லாத் தட்டையும் படத்துக்கு முன் அடுக்கிவிட்டார். சூடமும் காட்டியாகிவிட்டது.

"ஐயய்யோ ஆயா, அதையும் வச்சிட்டீங்களா?"

"வச்சா என்ன டீச்சர்? சாமி எடுத்தா தின்னுச்சு? வச்சது வச்சபடிதானே இருக்கு!"

டீச்சர் சிரிக்கவில்லை. எங்களை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, தூறலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே எல்லோரும் நெற்றியில் சந்தனத்தோடு வாய் நிறைய மென்றார்கள். ஒருத்தி சன்னல் வழியே, "ஒங்களுக்குக் கெடையாதாமே!" என்றாள்.

"போடி. எங்களுக்குக் கடையிலேருந்து வருது" என்றாள் பாத்திமா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அழுதேன்.

டீச்சர் நனைந்து திரும்பியபோது பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். "இது படைக்காததும்மா. வீட்டுல சொல்லிடு" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் நான் சொன்னது, எங்களை வெளியே உட்கார வைத்தார்கள் என்பதை மட்டும். பள்ளி திறந்த அன்றே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய எப்படிங்க பிரிச்சு வைக்கலாம்?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"தப்புதாங்க சார். இனிமே நடக்காது" என்றார் டீச்சர். அப்பா ஜெயித்துவிட்டதாக எனக்குப் பெருமை. அன்று அம்மா மட்டும் யாரிடமும் பேசாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அம்மா தானாகவே சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் டீச்சரைப் பார்த்து, "படைச்சத மட்டும் குடுத்துடாதீங்க டீச்சர், எங்க சபைல ஒத்துக்க மாட்டாங்க" என்று கேட்டுக்கொண்டது அம்மாதானாம். அத்தனை பேர் நடுவில் தலைகுனிந்து நின்றபோதும், உங்கள் வீட்டிலேயே கேட்டதுதான் என்று அந்த டீச்சர் வாய் திறக்கவில்லை. அவர் பயந்துபோய் நிற்கிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

இப்போது என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இன்று அவளுடைய டீச்சர், "ஆயுத பூசைப் பொரிய பாப்பாவுக்குத் தனியா எடுத்து வைக்கட்டுங்களா?" என்று கேட்டார். அப்படிக் கேட்பதே தப்பு என்கிறார் என் கணவர். தனியாக எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்கிறார் அம்மா. மகளுக்கோ எல்லோரோடும் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?