ஸாஹிருக்கு எது வீடு

காத்தான்குடியில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளைக்குச் சொந்தமாக வீடு கிடையாது. உம்மா வீட்டில் பிறப்பான், பெண்டாட்டி வீட்டில் வாழ்வான், கடைசியில் கபுறுக்குழிக்குள் போவான். ஊர்ப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஹபாயா தைத்துக் குடும்பச் சுமையில் பாதியைத் தாங்குகிற ஹிதாயாவும் சிரித்தவள்தான். அவள் வீடு, வாப்பா கட்டாரில் வெயிலில் வெந்து கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுத்தது.

அன்று காலை அவள் கணவன் ஸாஹிரைக் கல்லடிப் பாலத்தடியில் பொலிஸ் பிடித்துவிட்டது. ஓட்டோ ஓடுகிறவன். அவன் ஏற்றிவந்த ஆளின் பையில் களவுபோன போன்கள் இருந்தனவாம். அந்த ஆள் இறங்கி ஓடிவிட்டான், ஸாஹிர் அகப்பட்டுக்கொண்டான். செய்தி கேட்ட ஹிதாயா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டாள். தன்னிடம் சல்வார் தைக்கக் கொடுக்கிற சட்டத்தரணி அஜந்தாவுக்குப் போன் எடுத்தாள்.

"பிடிச்ச இடத்தில ஆளையும் ஓட்டோவையும் தேடினது சரி," என்றாள் அஜந்தா. "அதைச் சாட்டி வீட்டுக்குள்ள வாறதெண்டா வேற கதை. கோட்டில நீதவான் எழுதித் தந்த ஓடர் இருக்கா எண்டு கேளுங்க. நான் ஸ்டேஷனுக்குப் போறன்."

சொல்லி வாய் மூடவில்லை, பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. ஹிதாயா முக்காட்டை இழுத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நடந்த தேடுதல்களை இன்னும் மறக்காத தெரு அது.

"ஸாஹிர்ட வீடுதானே? விலகுங்க தங்கச்சி, உள்ளுக்குப் பாக்கணும்," என்றார் சார்ஜன்.

"ஓடர் இரிக்கா சேர்?"

"பிடிச்ச ஆள்ட வீட்டைப் பாக்க ஓடர் எதுக்கு?"

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "இது அவர்ட வீடில்ல சேர், என்ட வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்லதான் இரிக்கி. அவர்ட வீடெண்டா அவர்ட உம்மா வீடுதான், பள்ளிக்குப் பின்னால."

சார்ஜன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஜீப் திரும்பிப் போனது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் கதவைச் சாத்தினாள்.

தையல் மெஷினில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஸாஹிரின் உம்மா, அவள் மாமி சபூரா, இருப்பது மகள் றமீஸாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில். றமீஸாவின் மாப்பிள்ளை போன் திருத்துகிறவன். ஊரில் பழுதாகிற போனெல்லாம் அந்த முன்னறை மேசையில்தான் குவிந்து கிடக்கும். யாருடையது எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். வேலியில் போன ஓணானைத் தூக்கி மாமியின் மடியில் விட்டுவிட்டாளே!

மாமிக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஹபாயாவை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடும்போது மாமியே திரும்ப எடுத்தாள்.

"கதவத் திறக்காதீங்க மாமி! ஓடர் கேளுங்க!"

மறுமுனையில் அழுகை. "போனெல்லாத்தையும் சாக்கில கட்டி, மருமகனையும் ஏத்திட்டுப் போய்ட்டாங்க புள்ள. உன்ட பேரைச் சொன்னாங்க, நீதான் அனுப்பினயாம். அதாலதானே கதவத் திறந்தன்."