கூடத்தில் மொய் எழுதக் கூடாது

செல்வராணிக்கு மரியாதை தெரியாது என்று ஒரு கூட்டமே சேர்ந்து முடிவு கட்டிய வாரம் அது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மீதிப் பேர் அவளை 'ராணி அக்கா' என்று கூப்பிட்டு, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாளும் வெட்கமில்லாமல் 'அக்கா' என்றே வருகிறவர்கள். எல்லாம் கைப்பேசிக்குள் நடக்கிற உறவுதான். ஆனால் திட்டு திட்டுதானே, அது நேரில் வந்தால் என்ன, கைப்பேசியில் வந்தால் என்ன!

மலேசியாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் செல்வராணி. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்த கையோடு தெப்ராவுக்கு வந்து, பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கும் வரிசையில் நிற்கிறாள். கீறல் விழுந்த மூடி, கோணலான பிடி எதுவும் அவள் கையைத் தாண்டிப் போகாது. வேலை அப்படியா, ஆளே அப்படியா என்று கேட்டால் அவள் கணவன் விஜயன் இரண்டாவதைத்தான் சொல்லுவார். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்றால் நாமெல்லாம் பக்கத்து இலைக்காரரிடம் முணுமுணுப்போம். அவள் எழுந்து நேரே சமையல்காரரிடம் போய்விடுவாள். விஜயன் அப்போது இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

நோய்த்தொற்றுக் காலத்தில் தொழிற்சாலை மூடிக் கிடந்தபோது, எல்லாரையும் போல அவளும் கிரிப்டோ பக்கம் எட்டிப் பார்த்தாள். முகம் தெரியாத ஒரு 'சிஸ்டர்' இனிக்க இனிக்கப் பேசி, அவள் சேமிப்பில் ஒரு பங்கை வழித்துக்கொண்டு போனாள். அந்த ஆத்திரத்தைக் கொட்டத்தான் 'கிரிப்டோ கூடம்' என்ற தமிழ் இணைய மன்றத்துக்குள் முதன்முதலில் நுழைந்தாள். மூவாரில் தளவாடக் கடை வைத்திருக்கும் மோகனதாஸ் தொடங்கிய மன்றம் அது. நாலாயிரம் பேர் இருந்தார்கள். அவள் எழுதிய முதல் பதிவைப் படித்துவிட்டு மோகனதாஸ் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவு நல்லா திட்றீங்க, சும்மா ஏன் விடணும்? இங்கயே மோட்டா இருந்துருங்க" என்றார். மோட் என்றால் மன்றத்தின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிற ஆள். சம்பளம் கிடையாது, ஏச்சுமட்டும் தாராளம்.

அவள் வந்தபிறகு கூடத்துக்கு ஒரு நடைமுறை வந்தது. புதிதாக வந்தவரைத் தனியாக உள்பெட்டிக்குக் கூப்பிடக் கூடாது. யாரையும் 'டேய்' போடக் கூடாது. காசைத் தொலைத்துவிட்டு வந்தவனிடம் 'அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லவே கூடாது, சொன்னால் ஒரு வாரம் வெளியே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடன் என்று எழுதக் கூடாது. தன்னை ஏமாற்றிய 'சிஸ்டர்' மேல் இருந்த கோபத்தில் அப்பாவிகள் இரண்டு பேரை ஆரம்பத்தில் அவளே திட்டித் தீர்த்திருந்தாள். அந்த வெட்கத்தில் போட்ட சட்டம் அது.

ஒன்றே ஒன்றைத்தான் அவளால் அடக்க முடியவில்லை. அதுதான் மதிப்புப் புள்ளி. யாராவது உங்களுக்கு உதவினால், காரணத்தை ஒரு வரியில் எழுதி அவருக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். புள்ளி கூடக்கூட ஆள் நம்பிக்கையானவர் என்று அர்த்தம். எண்ணமெல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஆட்கள் இருக்கிறார்களே! ஒருத்தருக்குப் பிறந்தநாள் என்றால் புள்ளி. தீபாவளிக்குப் புள்ளி. தைப்பூசத்தில் காவடி எடுத்த படத்தைப் போட்டால் புள்ளி மழை. மோகனதாஸ் மகன் கல்யாணத்தன்று மட்டும் அவருக்கு நானூறு புள்ளி விழுந்தது. கல்யாணச் செய்தியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போக நம் ஜனங்களுக்கு மனசு வருமா?

"இது மொய் எழுதுற எடம் இல்ல" என்று செல்வராணி தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"வாழ்த்துனா குத்தமா அக்கா? என்னா லா நீங்க, நல்ல நாள்ல" என்று அவளையே மடக்கினார்கள்.

இப்படி மொய் வாங்கி மொய் வாங்கியே தொள்ளாயிரத்து முப்பத்தேழு புள்ளியோடு உச்சியில் உட்கார்ந்திருந்தவர் பொன்வேலன். நேரில் கண்டவர் யாருமில்லை. ஆனால் எழுத்தில் என்ன பணிவு, என்ன பவ்வியம்! எதை எழுதினாலும் 'மதிப்பிற்குரிய உறவுகளே' என்றுதான் தொடங்குவார். அந்தப் பொன்வேலன் ஒரு புதன்கிழமை மதியம் ஒரு பதிவு போட்டார். உங்கள் நாணயங்களை என்னிடம் முப்பது நாள் கொடுத்து வையுங்கள், இரட்டிப்பாகத் திரும்பும், உறவுகளுக்கு மட்டும், இடம் குறைவு, உள்பெட்டிக்கு வாருங்கள்.

தொழிற்சாலைக் கேண்டீனில் மீ கோரெங் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு செல்வராணி அதைப் படித்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பதிவைப் பூட்டினாள்; பூட்டு விழுந்தால் அதற்குப் பதிலும் போகாது, எழுதியவரின் உள்பெட்டியும் திறக்காது. பிறகு சாப்பிட்டு முடித்தாள்.

அவ்வளவுதான், கூடம் கொந்தளித்தது. மோகனதாஸ் ஒரு விதி வைத்திருந்தார். ஐந்நூறு புள்ளிக்கு மேல் உள்ள பெரிய மனிதரின் பதிவைப் பூட்டினால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். பூட்டியது தவறு என்று முடிவானால் பதிவு திறக்கும், பூட்டியவர் பதவியை விட்டுப் போகவேண்டும். ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிவரை வாக்கு. அதுவரை போட்ட வாக்கை மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாரையும்விட அதிகம் குதித்தவர் செல்லப்பன். குளுவாங்கில் லாரி ஓட்டுகிறவர். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்த காசு முழுவதையும் பொன்வேலனிடம் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். "ஒரு பெரிய மனுஷன்கிட்ட இப்பிடியா நடந்துக்கிறது? அவருக்கு எத்தன புள்ளி, உங்களுக்கு எத்தன புள்ளி? எங்க பொழப்ப கெடுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை பதிவு தொறந்த ஒடனே நான்தான் மொத ஆளு" என்று எழுதினார். அதற்கு நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மோகனதாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "ராணி, அறுநூறு ஓட்டு ஒங்களுக்கு எதிரா. எழுபதுதான் ஒங்க பக்கம். ஒரு மன்னிப்பு கேட்டுருங்க லா, நான் சமாளிச்சுக்கிறேன்."

"எதுக்குண்ணே மன்னிப்பு?"

"அவர் பெரிய ஆளு. தொள்ளாயிரம் புள்ளி."

"அண்ணே, நாளைக்கு அந்த செல்லப்பன் வீட்டுக் காசு போயிருச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"

"அப்ப அவர ஃபிராடுன்னு நிரூபிங்க."

அங்கேதான் சிக்கல். அவளிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. மனசு சொல்கிறது, தரம் பார்த்துப் பழகிய கை சொல்கிறது, ஆனால் ஆதாரம் இல்லாமல் திருடன் என்று எழுதக் கூடாதென்று சட்டம் போட்டவளே அவள்தான். ஒரே ஒரு வரி கோபமாக எழுதினால் அவளைத் தூக்க அதுவே போதும். தொழிற்சாலை பஸ்சில் வீடு திரும்பும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடம் சம்பளமில்லாமல் காவல் காத்ததற்கு 'மரியாதை தெரியாதவள்' என்ற பட்டத்தோடு வெளியே போவதா? வலித்தது. ரொம்பவே வலித்தது.

சனிக்கிழமை விடுமுறை. காலைப் பலகாரம் முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, பொன்வேலனுடைய புள்ளிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் யார் கொடுத்தார், என்றைக்கு, எதற்காக என்று ஒரு வரி இருக்குமல்லவா? அதை ஒன்று, இரண்டு என்று படிக்க ஆரம்பித்தாள். தொள்ளாயிரத்து முப்பத்தேழையும் இதுவரை ஒரு பிறவி உட்கார்ந்து படித்ததில்லை. உதவிக்காக வந்ததை ஒரு பக்கம் எழுதினாள், வாழ்த்துக்காக வந்ததை மறு பக்கம் எழுதினாள். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. உதவிப் பக்கத்தில் ஒன்பதே ஒன்பது.

"ஒம்போதா?" விஜயன் தேநீரைக் கொண்டுவந்து வைத்தபடி கேட்டார். "மீதியெல்லாம்?"

"பொறந்தநாள், தீவாளி, காவடி. ஆக அதிகம் மக கல்யாணத்துக்கு."

"இதச் சொன்னாலே போதாதா?"

"போதாது. மொய் வாங்குனது தப்பில்லையே. எல்லாருந்தான் வாங்குறாங்க."

சொல்லிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். கல்யாண வாழ்த்துகள் இரண்டு கும்பலாக இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் ஆவணியில் ஒரு கும்பல், போன தை மாதம் ஒரு கும்பல். இரண்டிலும் 'தங்கள் ஒரே மகளின் திருமணத்துக்கு வாழ்த்துகள்' என்றே இருந்தது.

"ஒரே மகள்னா எப்பிடி ரெண்டு கல்யாணம்?" என்றார் விஜயன்.

"அந்தப் புள்ள மறுபடி கட்டியிருக்கலாம். அதுல என்னா தப்பு?" என்று அவள் அதட்டினாள். அவசரப்பட அவள் தயாராக இல்லை. அவர் மன்றத்தில் போட்டிருந்த அழைப்பிதழ் படங்கள் இரண்டையும் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே பெண். சரி. மாப்பிள்ளை? அவரும் அதே மாப்பிள்ளை! அதே மண்டபம், அதே தாய்மாமன், தேதி மட்டும் வேறே. மன்றத்தில் அழைப்பிதழை யார் படித்தார்கள்? மொய் எழுதுகிற அவசரத்தில் ஒருத்தர்கூட மாப்பிள்ளை பேரைப் பார்க்கவில்லை.

"அட பாவி மனுஷா!" என்று மேசையை ஓங்கித் தட்டினாள். தேநீர் கொட்டியது. விஜயன் துடைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் ஒரு பதிவு போட்டாள். அதில் ஒரு சுடுசொல் கிடையாது.

'மதிப்பிற்குரிய பொன்வேலன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் ஒரே மகளின் திருமணத்துக்கு இந்தக் கூடம் இரண்டு முறை மொய் எழுதியிருக்கிறது. இரண்டு அழைப்பிதழ்களையும் கீழே இணைத்துள்ளேன். மணமகளும் அவரே, மணமகனும் அவரே. இரண்டு தடவையும் மொய் எழுதிய இருநூற்றுப் பதினோரு உறவுகளின் பெயர்களும் கீழே உள்ளன. இதில் எந்தத் திருமணம் நடந்தது என்பதைத் தாங்கள் அன்புகூர்ந்து தெரிவித்தால், மற்றதற்கு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பணிவன்புடன், செல்வராணி.'

பத்து நிமிடம் எல்லாரும் அழைப்பிதழ்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு யாரோ 'அலமாக்!' என்று எழுதினார். அதற்கப்புறம் அடை மழைதான். ஆளாளுக்குப் பட்டியலில் தங்கள் பேரைத் தேடினார்கள். 'ஐயோ, நானும் ரெண்டு தடவ எழுதியிருக்கேன்!' 'நான் ரெண்டாவது தடவ சாப்பாடு எப்பன்னு வேற கேட்டேன் லா!' பட்டியலின் இருபத்தெட்டாவது பேர் செல்லப்பன்.

பொன்வேலன் வந்தார். 'இது என் குடும்பத்தை அவமதிக்கும் செயல்' என்று எழுதினார்.

'வணக்கம் ஐயா. தேதி மட்டும் போதும்' என்று செல்வராணி பதில் எழுதினாள்.

தேதி வரவில்லை. பதினொன்றே காலுக்குப் பொன்வேலன் என்ற கணக்கே கூடத்தில் இல்லை. மனிதர் தடம் தெரியாமல் கழன்றுகொண்டார். எதிராகப் போட்ட வாக்குகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் புரண்டு வந்தன. எழுபது இருநூறாகி, இருநூறு எழுநூறாகி, பன்னிரண்டு அடிக்கும்போது ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. எதிர்த்தவர்கள் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேர் இன்னமும் பதிவு திறக்கும் என்று காத்திருக்கிறார்களோ என்னவோ!

"ஜெயிச்சுட்டேங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மோகனதாஸ் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ராணி, நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். என்னா செய்யணும் சொல்லுங்க."

"மொய்ப் புள்ளி பூரா அழிக்கணும். இனிமே உதவுன காரணம் எழுதுனாத்தான் புள்ளி."

"என்னோடதுமா?"

"ஒங்களோடதுதாண்ணே மொதல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஆனால் மனிதர் சொன்ன சொல் மாறவில்லை. ஒரு மணிக்குள் மன்ற உரிமையாளரின் மதிப்பு முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது. வாழ்த்து என்ற சொல் இருந்த புள்ளியையெல்லாம் கணினியே தேடி அழிக்க, நாலாயிரம் பேருக்கும் அப்படித்தான் இறங்கியது. கூடத்தின் வாசலில் புதுச் சட்டம் ஏறியது.

அடுத்த கூத்து அப்போதுதான் தொடங்கியது. செல்வராணிக்குப் புள்ளி குவிய ஆரம்பித்தது. 'வெற்றிக்கு வாழ்த்துகள் அக்கா.' 'சிங்கம் அக்கா நீங்க.' 'ராணின்னா ராணிதான்.' அவள் கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கைப்பேசியுமாக நின்று, வந்ததையெல்லாம் தள்ளுபடி செய்துகொண்டிருந்தாள். வாழ்த்து, தள்ளுபடி. புகழ்ச்சி, தள்ளுபடி. முந்நூறைத் தாண்டியது.

"ரெண்டு மூணாவது வச்சுக்கலாமே" என்றார் விஜயன்.

"சட்டம் போட்டு ஒரு மணி நேரம் ஆகல. நானே ஒடைக்கவா?"

அப்போது செல்லப்பனிடமிருந்து ஒன்று வந்தது. காரணம்: 'நன்றி அக்கா, மன்னிச்சிருங்க.' தள்ளினாள். இரண்டாவது வந்தது. காரணம்: 'நீங்க எனக்குத் தெய்வம்.' அதையும் தள்ளினாள், 'காரணத்தை ஒழுங்காக எழுதவும்' என்ற குறிப்போடு. கறி கொதித்தது. மூன்றாவது வந்தது.

காரணம்: 'வீடு வாங்கச் சேர்த்த காசைப் பொன்வேலனிடம் கொடுக்க இருந்தேன். செல்வராணி பதிவைப் பூட்டினார். நான் அவரைத் திட்டினேன். அவர் பூட்டைத் திறக்கவில்லை. காசு என்னிடமே இருக்கிறது. புதன்கிழமை வீட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறேன்.'

செல்வராணி அதை இரண்டு தடவை படித்தாள். எங்கேயாவது வாழ்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. புகழ்ச்சி இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி இருந்தது. தள்ளுவதற்கு அவளிடம் ஒரு காரணமும் மிஞ்சவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அந்த ஒரு புள்ளியை ஏற்றுக்கொண்டாள்.