பையிலேயே இருந்த வெள்ளிச் சட்டை

நான் உயிராக விளையாடிய வீடியோ கேம் ஒன்று ஜப்பானில் கார்ட்டூன் தொடராக வந்தது. அதன் முடிவைப் பார்த்துவிட்டு இணையத்தில் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். விளையாட்டில் பாதியிலேயே செத்துப்போகும் ஒரு பெண்ணைத் தொடரின் கடைசியில் உயிரோடு திரும்ப வரவைத்துவிட்டார்கள் என்பதுதான் கோபம். கதையைக் கெடுத்துவிட்டான்கள், காசுக்காகச் செய்துவிட்டான்கள் என்று பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தார்கள். நான் மட்டும் வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். நானும் என் சிநேகிதியும் அந்தப் பெண்ணுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அவள் செத்துப்போன விஷயமே எங்களுக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம், எங்கள் விளையாட்டுக் கேசட் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆம்பூரில் என் சிநேகிதி பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய மாமா ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தார். சாம்பிள் தோலைத் தூக்கிக்கொண்டு ஹாங்காங், ஜப்பான் என்று போய்வருவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தடவை, டிவியில் மாட்டுகிற பெட்டி ஒன்றும் இரண்டு கேசட்டும் கொண்டுவந்தார். கார் ரேஸ் கேசட்டை அவளுடைய அண்ணன்மார்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இன்னொன்றில் எழுத்தாக ஓடுகிறது, யாரையும் சுட முடியவில்லை என்று தூக்கிப் போட்டார்கள். அது எங்களுக்கு வந்தது.

ஒரு எழுத்தும் தெரியாததால் கதையையும் பெயர்களையும் நாங்களே கட்டிக்கொண்டோம். வாளோடு நடப்பவன் பையன். பின்னால் வருகிற கிழவர் தாடி. பச்சைத் தலைமுடியோடு வருகிறவள் பச்சைக்காரி. கூம்புக் கூரை வைத்த ஒரு வீட்டுக்குள் போனால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். அது கோயில் என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? அவள், ‘தர்காடி அது, பச்சைக் கொடி பாரு’ என்பாள். ஒரு மாதம் சண்டை போட்டு, கடைசியில் ‘கும்பிடுற வீடு’ என்று சமாதானம் ஆனோம்.

பச்சைக்காரி மறைந்தது ஒரு பாலத்தின் மேல். கறுப்பு அங்கிக்காரன் ஒருவன் எதிரே வந்தான். திரை வெள்ளையாகிவிட்டது. மெதுவான ஒரு மெட்டு வந்தது. அது முடிந்து பார்த்தால் பையனும் தாடியும் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள்.

“இன்னாடி, செத்துட்டாளா?” என்றேன்.

“வாயக் கழுவு. அம்மா வூட்டுக்குப் போய்ருக்கா. முழுகாம இருந்தா, நீ பாக்கல? பாவாடை எப்டி உப்பலா இருந்துச்சு!”

அந்த வருஷம்தான் அவளுடைய பெரிய அண்ணி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போனவள் கைக்குழந்தையோடு திரும்பியும் வந்தாள். அதனால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு குகைக்குள் பெட்டியில் வெள்ளிச் சட்டை ஒன்று கிடைத்தது. கவசம் மாதிரி. யாருக்குப் போடலாம் என்று தேடினால், பச்சைக்காரியின் குட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் மட்டும்தான் வெளிச்சம் வரும். கடைக்காரன் அதற்குக் காசை அள்ளிக் கொடுக்கத் தயாராக இருந்தான். விற்கலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

“வித்துட்டா, அவ வந்து கேக்கும்போது இன்னா சொல்லுவே?” என்றாள்.

விளையாட்டில் பையனின் பையில் இடம் கம்மி. சட்டைக்கு இடம் விட்டதால் காயத்துக்குப் போடும் பச்சிலை எடுத்துப்போக முடியாது. கடைசிக் கோபுரத்தில் இருக்கும் அரக்கன் எங்களை அடித்துத் துவைத்தான். ஒவ்வொரு முறையும் பச்சிலை தீர்ந்துபோய் பையன் விழும்போது நான் அவளைத் திட்டுவேன். அவள் அசரமாட்டாள். பிளஸ் டூ முடிந்த கையோடு அவளுக்கு வாணியம்பாடியில் நிக்காஹ் ஆனது. பெட்டியையும் கேசட்டையும் ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

“பத்திரமா வெச்சுக்கோ. நான் இல்லாம அந்த அரக்கன அடிச்சுடாத” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். குழந்தை தங்கவில்லை. நான் வேலூரில் காலேஜில் இருந்தேன். விஷயம் தெரிந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே வீட்டு ஆண்கள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். அழுதால் பச்சை உடம்புக்கு ஆகாது, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும், அதைப் பற்றி அவளிடம் பேசாதீர்கள் என்று ஆளுக்காள் பாதுகாத்தார்கள். அவளும் பேசாமலே ஆகிவிட்டாள்.

என்னிடமும்தான். போன் செய்தால் மாமியார், “வேலையா இருக்காம்மா” என்பார். ஒருமுறை வாணியம்பாடிக்கு நேரிலேயே போனேன். டீ கொடுத்தாள், வேலூரில் வெயில் ஜாஸ்தியா என்று கேட்டாள். என்னோடு கேசட்டுக்குப் பெயர் வைத்துச் சண்டை போட்டவள் வெயிலைப் பற்றி விசாரிக்கிறாள்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு என் தோஸ்த் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அப்புறம்தான் இந்தத் தொடர். நான் வேலூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த வரிசையில் வந்த மற்ற விளையாட்டுகளையும் அதற்குள் விளையாடி முடித்திருந்தேன், இங்கிலீஷில். எங்கள் பழைய கேசட்டைப் பற்றி மட்டும் வேண்டுமென்றே எங்கும் படிக்கவில்லை. எங்கள் கதை எங்களோடு இருக்கட்டும் என்று ஒரு பிடிவாதம். அதையே தொடராக எடுத்திருக்கிறார்கள், இங்கிலீஷ் எழுத்தோடு கிடைக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிடிவாதமெல்லாம் பறந்துவிட்டது. சென்டர் பையனிடம் சொல்லி இணையத்திலிருந்து இறக்கி, டிஸ்க்குகளில் போடவைத்தேன்.

முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. விளையாட்டில் வாயே திறக்காத பையன் இதில் ஓயாமல் பேசினான். குரலும் கீச்சுக்குரல். அவனுக்கு இத்தனை நாளும் குரல் கொடுத்தவள் என் சிநேகிதி. அதட்டலான, கொஞ்சம் மூக்கடைத்த ஆம்பூர்க் குரல். அதைக் கேட்ட காதுக்கு இது ஒட்டுமா? கும்பிடுற வீட்டில் கொடியே காணோம். ஆனால் ஒரு விஷயத்தில் கவிழ்ந்துவிட்டேன். விளையாட்டில் அவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடப்பார்கள். தொடரில் மூன்று பேரும் பக்கம் பக்கமாக, தோளை இடித்துக்கொண்டு நடந்தார்கள். பச்சைக்காரி திரும்பிப் பையன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முகம் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் பாலம் வந்தது, அவள் செத்தாள். சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. கடைசிப் பாகத்தில் திரும்பி வந்தாள். அந்த நிமிஷமே முடிவு செய்தேன், இதை என் சிநேகிதிக்குக் காட்ட வேண்டும். நீ சொன்னது சரி, அவள் வந்துவிட்டாள் என்று சொன்னால் என்னிடம் பேசாமலா இருப்பாள்?

டிஸ்க்குகளோடு வாணியம்பாடிக்குப் போன அன்று அவள் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரிக்குப் போயிருந்தார். மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவள் மறுக்கவும் இல்லை, ஆசைப்படவும் இல்லை. டிஸ்க்கைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். இங்கிலீஷ் எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“இவன் இவ்ளோ பேசுவானா? நம்மகிட்ட ஊமையாட்டம் இருந்தானே” என்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாலம் வந்தது. திரை வெள்ளையானது. அவள் அசையாமல் பார்த்தாள். அடுத்த பாகம் முழுக்கத் துக்கம்தான். ஊர்ப் பெண்கள் பச்சைக்காரியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாகத் தலை வாரிவிட்டார்கள். பையன் வாய்விட்டு அழுதான். எனக்குப் பயமாகிவிட்டது. நான் எதைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ரிமோட்டை எடுத்தேன்.

“இது போவட்டும், அடுத்ததப் போடறேன். கடைசில பாரு…”

“சும்மா இருடி” என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்லாரும் உக்காந்து அழுவுறாங்க பாரு. யாருமே அழாதன்னு சொல்லல.”

அப்புறம் அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்து அடக்காமல், திறந்த வாயோடு, சின்னப் பிள்ளை மாதிரி. நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாகம் முடிந்து, பாட்டு முடிந்து, திரை நீலமாக நின்றது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவளிடம் கடைசி டிஸ்க்கை நீட்டி, “இதுல அவ திரும்பி வந்துட்றாடி” என்றேன்.

கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உறையிலேயே போட்டாள்.

“வேணாம். வர்றது வேற யாரோ.”

டிவியை அணைத்துவிட்டு, “அந்த வெள்ளிச் சட்டை இதுல வருதா?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். வரவே இல்லை. குகையே இல்லை.

“அப்போ அது இன்னும் நம்ம பைலதான் இருக்கு” என்றாள்.

அதன் பிறகுதான் சொன்னாள். ஏழாம் மாதத்தில் பிறக்கப்போகிற குழந்தைக்கு மஞ்சள் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். அது பீரோவில் அவள் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவள் பேசப் பேச நான் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை ஆம்பூரில் என் அம்மா வீட்டில் டிசம்பர் குளிரில் பிறந்தது. பார்க்க வந்த என் சிநேகிதி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கமாக நகர்த்தினாள். திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மா நர்ஸ், ஆயிரம் பிரசவம் பார்த்தவர். பைக்குள் மஞ்சள் கம்பளியைப் பார்த்து, எந்தக் குழந்தைக்குப் பின்னியது என்று புரிந்ததும் அவருக்கே முகம் மாறிவிட்டது.

“எதுக்கும்மா அது… புள்ளைக்குப் புதுசு நெறைய இருக்கே” என்றார், தன்மையாகத்தான்.

அவள் என் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“பைல எடம் அடைச்சுக்கினே இருக்குடி” என்றாள்.

நான் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் கொடுத்தேன். ஸ்வெட்டரை அவளே போட்டுவிட்டாள். கை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் மடித்துவிட்டாள்.