கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த எட்டுத் தலைகள்

அன்று கிணற்றடிக்கு வந்தவர்கள் இவர்கள்.

கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடும் லீடர். தையல் வகுப்பு நடத்தும், மேடையில் பெண் குரல் பாடும் அக்கா. தபேலா வாசிக்கும் செருப்புக்கடை பாய். குச்சியால் ரிதம் பேடு அடிக்கும் டூவீலர் மெக்கானிக். டோலக் அடிக்கும் கொத்தனார். புல்லாங்குழல் வாசிக்கும் தபால்காரர். மிமிக்ரி செய்யும் பஸ் கண்டக்டர். கிணற்றுக்குச் சொந்தக்காரர். கேமராவோடு நான்.

வராதவர் ஒருவர். கிட்டார்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து. பாட்டுக் கச்சேரிக் குழுக்களும் நோட்டீஸுக்குப் படம் எடுக்க வருவார்கள். சுவரில் ஓர் அருவித் திரை தொங்கும். அதற்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து எடுத்துக் கொடுப்பேன்.

லீடரும் ஒருநாள் வந்தார். மேஜைமேல் நான்கு நோட்டீஸை வரிசையாக வைத்தார். நான்கும் வேறு வேறு குழு. நான்கிலும் என் அருவி.

"எனக்கு அருவி வேணாண்ணா" என்றார்.

அவர் எட்டு வருடம் வேறொருவர் குழுவில் இரண்டாம் குரல் பாடியவர். அதைவிட்டு வெளியே வந்து சொந்தமாகக் குழு ஆரம்பித்திருந்தார். முதல் திருவிழா சித்திரையில், செய்யாற்றங்கரையில், மாகறலுக்கு அடுத்த ஊர். எட்டுப் பேர், கிட்டார் உண்டு என்று விழாக்குழுவிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி அன்று சாயங்காலம் விழாக்குழுப் பெரியவர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நிற்பார். தலையை எண்ணுவார். நோட்டீஸில் எத்தனை தலையோ மேடையிலும் அத்தனை வேண்டும். குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விடிவதற்குள் ஆற்றின் இரண்டு கரைக்கும் சேதி போய்விடும். அப்புறம் அந்தக் குழுவை எந்த ஊரும் கூப்பிடாது. லீடருக்கு அந்த ஒரு சாயங்காலம் சரியாக நடக்க வேண்டும். வேறு கவலை இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் ஊருக்கு வெளியே ஒரு பம்ப்செட் கிணற்றில் இறங்கிக் குளித்தேன். நான் முழுகி எழுந்து மேலே பார்த்தேன். களை எடுக்கப் போன மூன்று பேர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டமாக வானம். ஓரத்தில் மூன்று தலை. வந்த வேலையை விட்டுவிட்டு ஈரத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தேன்.

தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். ஓரத்தில் எட்டுப் புள்ளி வைத்தேன். லீடரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சரி என்றார்.

வெளிச்சம்தான் சிக்கல். வானம் வெளுப்பாக இருக்கும், குனிகிற முகம் கருப்பாக விழும். அவ்வளவு தூரத்துக்கு பிளாஷ் எட்டாது. அதனால் உச்சி வெயிலில் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருக்கும் திட்டில் வெள்ளை வேட்டி விரித்தால், வெயில் அதில் பட்டு மேலே முகத்துக்குத் திரும்பும். நான்கு வேட்டி. இரண்டு என்னுடையது, இரண்டு தபால்காரருடையது.

கிணற்றுக்காரர் கரும்பு போட்டிருந்தார். மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மோட்டார் போட்டே ஆக வேண்டும், அதுவரைக்கும் எடுத்துக்கொள் என்றார். ஸ்டார்ட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றரைக்கு எல்லோரும் வந்தாயிற்று. கிட்டார்காரரைக் காணோம். கிட்டார் வந்திருந்தது, அது லீடருடையது. பன்னிரண்டு அடிக்கும்போது சைக்கிளில் ஒருவர் வந்து சொன்னார். லீடரோடு வெளியே வந்த கிட்டார்காரர் பழைய குழுவுக்கே திரும்பப் போய்விட்டாராம்.

லீடர் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அச்சகத்துக்கு அன்று சாயங்காலமே படம் போக வேண்டும். வெயில் இன்னும் அரைமணிதான் நேராக இருக்கும்.

கிணற்றுக்காரரை நிற்கச் சொல்லலாம் என்றார் கொத்தனார். அவர் ஸ்டார்ட்டரை விட்டு வர மாட்டேன் என்றார். பாய்தான் என்னைப் பார்த்தார்.

"கேமராவுல தானா அடிக்கிற பட்டன் கீது இல்ல? அமுக்கிட்டு ஏறி வா. மேல ஒரு தலதான வேணும்."

டைமர் பத்து விநாடி. படி பதினெட்டு. சுவரில் பதித்த கல்லுப் படி, கைப்பிடி கிடையாது.

கேமராவைத் திட்டில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். மேலே எல்லோரும் வட்டமாகக் குப்புறப் படுத்து, தலையும் வாத்தியமும் தெரிகிற மாதிரி எட்டிப் பார்க்க வேண்டும். கல் சுட்டது. அக்கா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார். கீபோர்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் தடவை அமுக்கிவிட்டு ஓடினேன். ஆறாவது படியில் கிளிக் என்றது. என் முதுகு விழுந்திருக்கும். இரண்டாவது தடவை மேலே போய்விட்டேன், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை மெக்கானிக்கின் குச்சி நழுவி என் தோளில் விழுந்து தண்ணீருக்குள் போயிற்று. கண்டக்டர் மேலிருந்து, படிக்கட்டில் நிற்காதே, உள்ளே போ என்று பஸ் குரலில் கத்தினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"இன்னொரு வாட்டி ஓடினா இவரத்தான் தூக்கிக்கினு போவணும்" என்றார்.

நான்காவது தடவை ஏறி, கையில் அகப்பட்ட பக்கமாகக் கிட்டாரைப் பிடித்து, தலையை நீட்டினேன். கிளிக் கேட்டது. உடனே கிணற்றுக்காரர் குரல் கொடுத்தார், கரண்ட் வந்துவிட்டது என்று. இறங்கி ஸ்டாண்டைத் தூக்கினேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. வேட்டி நான்கும் நனைந்துவிட்டன.

சாயங்காலம் கழுவிப் பார்த்தேன். நான்காவது படம் நன்றாக வந்திருந்தது. வட்டமாக வானம், சுற்றி எட்டுத் தலை. தண்ணீரில் பட்டுத் திரும்பின வெளிச்சம் முகங்களில் நெளிந்தது. ஒவ்வொரு முகமும் தெளிவு. அந்தத் தெளிவுதான் பிறகு வினையாகப் போயிற்று.

நோட்டீஸ் ஆயிரம் அச்சானது. பஸ் நிலையம், டீக்கடை, ரைஸ்மில் சுவர் எல்லாம் ஒட்டினார்கள். நின்று நின்று பார்த்தார்கள் ஜனங்கள். கெணத்து செட்டு என்று பெயரே வைத்துவிட்டார்கள். லீடர் இதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கிட்டார்காரரைப் பிடித்துவிட்டார். காலேஜ் படிக்கிறவர், நன்றாக வாசிப்பார். எட்டு, எட்டாகவே இருந்தது.

திருவிழா அன்று நான் படம் எடுக்கப் போனேன். நான்கு மணிக்கே பெட்டிகள் இறங்கின. ஐந்தரைக்கு வெளிச்சம் இருக்கும்போதே பெரியவர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸைப் பிரித்தார். எண்ணினார். எட்டு. லீடர் மூச்சு விட்டார். பெரியவர் போகவில்லை. திரும்பவும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எண்ணிக்க சரி. மூஞ்சி சரியில்லியே. கிட்டார வெச்சிக்கினு கீற ஆளு இன்னா ஆனான்?"

லீடர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியவர் அதற்குள் திரும்பி, மேடைக்குக் கீழே கேமராவோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். நோட்டீஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதோ கீறாரே. இன்னா நைனா, மேல ஏறாம இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

சுற்றி அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். லீடர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. நான் ஸ்டூடியோக்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும், குழு திரும்பிப் போக வேண்டியதுதான். கேமராவைக் கழற்றி விழாக்குழுவில் ஒருவரிடம் கொடுத்தேன். ஏறினேன்.

காலேஜ் பையன் கெட்டிக்காரர். தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். லீடருடைய கிட்டாரை எனக்கு மாட்டினார்கள். ஒயர் கிடையாது. நான் சரியான பக்கம் பிடிக்கப் பார்த்தேன். கண்டக்டர் காதோரமாகச் சொன்னார்.

"அப்டி இல்லண்ணா. போட்டோல மாத்திப் புடிச்சிக்கினு கீற. அப்டியே புடி."

மாற்றிப் பிடித்தேன். பெரியவர் இன்னொரு முறை பார்த்தார். நோட்டீஸை மடித்து ஜோபியில் வைத்தார். ஆரம்பிக்கச் சொன்னார்.

மூன்று மணி நேரம் நின்றேன். கையை ஆட்ட வேண்டிய இடத்தில் பாய் தலையை ஆட்டிக் காட்டினார். ஆட்டினேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து கிட்டார் அருமையாக வந்தது. ஒரு பாட்டுக்கு என்னைப் பார்த்து விசில்கூட அடித்தார்கள். அக்கா பாடிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பு.

முடிந்ததும் அடுத்த கரையிலிருந்து வந்த இரண்டு ஊர்க்காரர்கள் லீடரிடம் பேசினார்கள். வைகாசிக்கு வேண்டுமாம். கையில் அதே நோட்டீஸ். லீடர் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"வூட்லயே வெச்சிக்கோண்ணா."

நோட்டீஸ் தீர்ந்து வேறு படம் எடுக்கும்வரை நான் ஏறின மேடை பதினான்கு.